பின்மொட்டையில் நடந்தது

1

என் மகள் கயல் ஒரு கடிதத்தைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் ஆஸ்திரியாவில் கிராஸ் என்ற ஊரில் இருக்கிறோம். வந்து இருபத்து நான்கு வருடங்கள் ஆயிற்று. ஒரு மருத்துவமனையில் குளிர்சாதன இயந்திரங்களையும் ஆக்சிஜன் குழாய்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. கயல் இங்கேயே பிறந்தவள். அவளுக்கு இருபது வயது.

இந்த ஊர் மலைகளில் யாராவது விழுந்தால், வழி தவறினால், போய்த் தூக்கி வர ஒரு மீட்புக் குழு உண்டு. சம்பளம் கிடையாது. அதில் சேருவதற்கு மலையேறத் தெரிந்தால் மட்டும் போதாது. ஏன் சேர விரும்புகிறேன் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். கயல் எழுதியிருந்தது அந்தப் பக்கம்தான்.

அவளுடைய ஜெர்மனைத் திருத்தும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. அது அவளுக்கும் தெரியும். "விவரமெல்லாம் கரெக்டா இருக்கான்னு மட்டும் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

தன் அப்பா இருபத்தொரு வயதில், தென்னிந்தியாவில் எந்த வரைபடத்திலும் பெயர் இல்லாத ஒரு மலைமுகட்டில், பிடிவாதமாக ஏறி விழுந்த நண்பனைக் காப்பாற்றியவர் என்று எழுதியிருந்தாள். அவரைப் போல ஆகவேண்டும் என்று முடித்திருந்தாள்.

நான் இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதக்காரன் என் நண்பன் இல்லை, நான். அதை இருபத்தொன்பது வருடங்களாக யாரிடமும் சொன்னதில்லை.

2

இங்கே நாங்கள் ஏறும் மலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆல்ப்ஸ் என்றதும் ஊரில் இருப்பவர்களுக்குப் பனியும் கம்பிவட ரயிலும் நினைவுக்கு வரும். நாங்கள் அங்கெல்லாம் போவதில்லை. கயலுக்கு ஒன்பது வயதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சுற்றுலாக்காரர்கள் எட்டிப்பார்க்காத முகடுகளாகப் பார்த்து ஏறுவோம். பாதி இடங்களுக்குப் பாதை கிடையாது. மாடு மேய்ப்பவர்கள் போன தடம் இருக்கும், அதுவும் காட்டுக்குள் போய் மறைந்துவிடும். உச்சியில் ஒரு மரச்சிலுவையும், அதன் அடியில் தகரப்பெட்டிக்குள் ஒரு நோட்டும் இருக்கும். ஏறியவர்கள் பெயரும் தேதியும் எழுதிவிட்டு வரலாம். சில நோட்டுகளில் எங்களுக்கு முந்தைய பெயர் நான்கு மாதம் பழையதாக இருக்கும்.

ஏற ஆரம்பித்த புதிதில் அப்படி ஒரு நோட்டில், இந்த முகட்டில் ஆறு மணி நேரம் நடந்தேன் என்று எழுதினேன். ஜெர்மனில் முகட்டுக்கும் வெப்பநிலை டிகிரிக்கும் ஒரே உச்சரிப்பு, கடைசி எழுத்து மட்டும் வேறு. அதை நான் மாற்றி எழுதியிருந்தேன். மறு வருடம் போனபோது என் வரிக்குக் கீழே சிவப்பு மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: "ஆறு மணி நேரம் டிகிரியில் நடந்தவருக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டதா?" கயலுக்கு அப்போது பத்து வயது இருக்கும். சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவளுடைய தமிழ் அப்போதே தேய ஆரம்பித்திருந்தது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். முகட்டில் நடக்கும்போது மட்டும் தமிழ் பேசுவாள், பின்னால் வருகிறவர்களுக்குப் புரியாது என்பதற்காக. அந்த நடைகளில்தான் அவளுக்கு ஊர்க் கதைகளைச் சொன்னேன். விழுந்த நண்பன் இசக்கிமுத்துவின் கதையையும் சொன்னேன், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதத்தில்.

3

இசக்கிமுத்துவுக்கு ஊர் வீரகேரளம்புதூர். நான் தென்காசி. குற்றாலத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சு. சீசனுக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் அருவிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இப்போது போல அவ்வளவு கெடுபிடி கிடையாது அன்றைக்கு.

பின்மொட்டை என்பது நாங்கள் வைத்த பெயர் இல்லை. வீரகேரளம்புதூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குற்றாலத்தில் நின்றால் அது தெரியாது, முன்மலை மறைத்துவிடும். கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வந்து, மழை பெய்து விட்ட காலையில் பார்த்தால், முன்மலையின் தோளுக்கு மேலே மரமில்லாத ஒரு பாறைத் தலை எழுந்து நிற்கும். அதில் ஏறியவர் என்று யாரையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அது போதுமானதாக இருந்தது.

கடைசி வருடம், புரட்டாசி மாதம் போனோம். இசக்கி அப்போது போலீஸ் உடல்தகுதித் தேர்வில் தேறிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா நெல் விவசாயி. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகன் போலீஸாகப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் முகட்டைத் தொட்டோம். ஆள் உயரத்துக்குச் சுக்குநாறிப் புல். அதைத் தாண்டினால் வெறும் பாறை, இரண்டு பக்கமும் சரிவு. உச்சி கண்ணெதிரே இருந்தது. அப்போது கேரளப் பக்கமிருந்து மேகம் முகட்டின் மேல் ஏறி எங்கள் பக்கம் வழிய ஆரம்பித்தது.

இசக்கி நின்றான். "மேகம் எறங்குது லே. திரும்பிருவோம்" என்றான்.

"இன்னும் அரை மணி நேரம்தான். பயமா இருந்தா நீ இங்கனயே உக்காரு" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். பத்து நிமிடத்தில் பாறை நனைந்துவிட்டது. அவன் வழுக்கியதை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு திட்டில் கிடந்தான். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

என் சட்டையையும் துண்டையும் அவன்மேல் போட்டுவிட்டு ஆள் கூட்டி வர இறங்கினேன். வழி தவறி, எங்கெங்கோ சுற்றி, ஒரு எஸ்டேட் குடியிருப்பில் போய் விழுந்தேன். விடிந்த பிறகு நான்கு தொழிலாளிகள் கம்பும் கம்பளியுமாக வந்து அவனைத் தூக்கி இறக்கினார்கள். நான் தூக்கினேன் என்பதெல்லாம் பிறகு ஊர் சேர்த்துக்கொண்டது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இசக்கியின் அப்பா வந்தார். மகனைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் கேட்டார், யார் பேச்சைக் கேட்டு அந்த மேகத்தில் மேலே போனீர்கள் என்று. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இசக்கிதான் மாமா போவோம்னான்" என்றேன்.

இசக்கி ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். எதுவும் சொல்லவில்லை.

கால் கூடியது, ஆனால் இரண்டு அங்குலம் குட்டையாகக் கூடியது. போலீஸ் வேலை போயிற்று. அவனுடைய அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், என் பிள்ளைக்கு மலைக்கிறுக்கு, சொன்னாலும் கேட்கமாட்டான் என்று சொல்லிச் சொல்லியே எட்டு வருடம் முன்பு இறந்துபோனாள். அப்பா மகனிடம் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், சாப்பாட்டு நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இசக்கி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறான். ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போகும்போதும் ரயிலடிக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்வான். பின்மொட்டையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

4

கடிதத்தை இப்போதைக்கு அனுப்பாதே, முதலில் ஊருக்குப் போய் அந்த மலையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கயலிடம் சொன்னேன். அவள் நம்பினாள். உச்சியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். வீட்டிலேயே, மேசையிலேயே சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

தென்காசியில் வன அலுவலகத்துக்கு இரண்டு முறை போனோம். விண்ணப்பத்தில் இந்தியர், வெளிநாட்டவர் என்று இரண்டு கட்டங்கள். நான் பிறந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அலுவலகத்தில், வெளிநாட்டவர் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எழுதிய பேனா ஊர்ப் பேனா.

அதிகாரி இளம்பெண், பொறுமையானவர். எங்கே போகவேண்டும் என்று கேட்டார். பின்மொட்டை என்றேன். வரைபடத்தை விரித்தார். அதில் அப்படி ஒரு பெயர் இல்லை. கோடுகள் நெருங்கி வளைந்த ஓர் இடத்தில் உயரத்தைக் குறிக்கும் எண் மட்டும் இருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன்.

"அங்கன யாருக்கும் அனுமதி இல்ல சார். எங்க ஆளுங்களே கணக்கெடுப்புக்கு மட்டும்தான் போறாங்க" என்றார். விலங்குகளுக்கு விட்டுவிட்ட இடம் என்று கயலிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். கயல் தலையாட்டினாள். அது சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். மலை இல்லை, ஆகவே சொல்லவும் வேண்டாம்.

சாயங்காலம் இசக்கியிடம் சொன்னோம். அவன் கயலைப் பார்த்தான். "ஏறத்தான முடியாது, பாக்கலாம்லா? நாளைக்குக் காலைல ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். முழுசாத் தெரியும்" என்றான்.

5

ஆலங்குளம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போனால் வயல்களுக்கு நடுவே பாறைக் குன்றுகள் வரும். எங்கள் பக்கம் பொத்தை என்போம். இசக்கி எங்களைக் கூட்டிப் போன பொத்தைக்குப் பெயர்கூட இல்லை. அடியில் வேலிக்காத்தான் முள், மேலே யானை முதுகு போல வழுவழுப்பான பாறை.

அவன் ஏறிய விதத்தைப் பார்த்து நானும் கயலும் அப்படியே நின்றுவிட்டோம். குட்டைக் காலை ஊன்றுவதற்கென்று பாறையில் எந்த வெடிப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கையை முதலில் வைத்தான், பிறகு நல்ல காலை, பிறகு மற்றதை இழுத்துக்கொண்டான். ஓரிடத்தில் திரும்பி, கயலுக்குப் பிடி காட்டினான். கயல் பத்து வருடமாக ஏறுகிறவள், அவன் சொன்ன இடத்தில் கை வைத்தாள்.

மாதத்துக்கு ஒரு முறை வருவானாம். சுரண்டையிலிருந்து ஆலங்குளம் வரை இருக்கிற பொத்தைகள் எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறான். சிலவற்றுக்குப் பெயர் உண்டு, பலவற்றுக்குக் கிடையாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கயல் கேட்டதற்கு, சொன்னால் மலைக்கிறுக்கு இன்னும் போகலியா என்பார்கள் என்றான், சாதாரணமாக.

உச்சியில் உட்கார்ந்தோம். மேற்கே மலைத்தொடர் முழுவதும் விரிந்திருந்தது. முன்மலைக்கு மேலே பின்மொட்டை தெளிவாக நின்றது. இசக்கி விரலை நீட்டி, புல்வெளி எங்கே முடிகிறது, பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று கயலுக்குக் காட்டினான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தன் தமிழில் கேட்டாள்:

"மாமா, மேகம் வந்துச்சு. நீங்க ஏன் திரும்பல?"

இசக்கி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். மூடினான். என்னைப் பார்க்கவில்லை.

"மாமா திரும்பலாம்னுதான் சொன்னான்" என்றேன். "நான் கேக்கல."

மீதியையும் சொன்னேன். பயமா இருந்தா உட்காரு என்றதை, ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொன்னதை, தூக்கியது நான் இல்லை என்பதை. கயலுக்குப் புரியவேண்டும் என்று சில இடங்களை ஜெர்மனிலும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இசக்கியிடம் திரும்பினேன். அன்றைக்கு ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ சொன்னத கேட்டுட்டுதான் கெடந்தேன்" என்றான். "விடிய விடிய ஓடித் திரிஞ்சு ஆள கூட்டிட்டு வந்திருக்க. காலு பூராம் அட்டை கடிச்சு ரத்தம். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிலே சொல்லுதது? சரி, நாளைக்கு அவனே சொல்லுவான்னு இருந்தேன்."

பிறகு சொன்னான்: "நாளைக்கு நாளைக்குன்னு நீ ஏரோப்ளேன் ஏறிட்ட."

மன்னித்துவிடு என்றேன். அந்தச் சொல் காதில் விழாதது போல இருந்தான்.

"அம்மா இருக்கும்போது சொல்லிருக்கணும்லே. அவ அப்படி நெனச்சுட்டேதான் போனா."



எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டான். "அப்பா இருக்காரு. இன்னைக்கே வந்து சொல்லு" என்றான்.

6

இசக்கியின் அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் கத்தவேண்டும். வீட்டு முற்றத்தில் வேப்பமரத்து நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எப்போதும் அப்படித்தான். மகனைக் காப்பாற்றியவன் நான்.

பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

"என்னது? சத்தமாச் சொல்லு" என்றார்.

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். விமான டிக்கெட் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கியின் மனைவி செல்வி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். கயல் எனக்குப் பின்னால் நின்றாள். இசக்கி மரத்தில் சாய்ந்துகொண்டிருந்தான்.

மூன்றாவது முறை கத்தினேன். "இசக்கி திரும்பிருவோம்னான் மாமா. நான்தான் கேக்கல. ஆஸ்பத்திரில உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

தெரு முழுவதும் கேட்டிருக்கும். ரகசியமாக வைத்திருந்த ஒன்றை அப்படிக் கத்திச் சொல்லவேண்டி வந்தது.

அவருக்கு இந்த முறை கேட்டுவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பினார்.

"ஏலே இசக்கி, இங்கன வா."

இசக்கி போய் முன்னால் நின்றான்.

"இவன் சொல்லுதது நெசமா?"

"ஆமா."

"நீ ஏம்லே எங்கிட்ட சொல்லல?"

இசக்கி அப்பாவின் வலது காதுப் பக்கம் குனிந்தான். "நீங்க அவன்ட்டதான கேட்டீங்க. எங்கிட்ட கேக்கலியே" என்றான்.

பெரியவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெல்ல நடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

செல்வி எங்களுக்காக அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். "சாப்பிடுங்கண்ணே" என்றாள். எத்தனையோ முறை கேட்ட வார்த்தை, அன்றைக்குக் குரல் வேறாக இருந்தது. என்னால் இரண்டு கவளத்துக்கு மேல் முடியவில்லை. கயல் தலைகுனிந்து முழுவதும் சாப்பிட்டாள்.

இசக்கி ஒரு தட்டில் சோறு போட்டு அப்பாவின் அறைக்கு எடுத்துப் போனான். கொடுத்துவிட்டுத் திரும்பி வருவான் என்று இருந்தோம். வரவில்லை. உள்ளே பெரியவர் ஏதோ பேசும் சத்தம் கேட்டது. காது கேட்காதவர், எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்றைக்கு என்ன பேசுகிறார் என்று பக்கத்து அறையில் இருந்த எங்களுக்குப் புரியாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் பேசினார். செல்வி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்தபடி நின்றாள். நாங்கள் கிளம்பும்வரை இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

7

தென்காசி பஸ்ஸில் கயல் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தாள். இறங்கும்போது சொன்னாள், "லெட்டர நான் மாத்தி எழுதுவேன்."

எழுதினாள். இந்த முறை என்னிடம் சரிபார்க்கத் தரவில்லை. அவளை மீட்புக் குழுவில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு போகிறாள். நான் தனியாக ஏறுகிறேன், அல்லது ஏறாமல் இருக்கிறேன். கோபமா என்று ஒரு நாள் கேட்டேன். கோபம் இல்லை, யோசிக்கிறேன் என்றாள். கோபம் என்றிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் நான் எதிர்பாராதது. தன் உடைந்த தமிழை வைத்துக்கொண்டு அவளாகவே இசக்கிக்கு வீடியோ அழைப்பு போடுகிறாள். அவள் அறையிலிருந்து பொத்தை, வெடிப்பு, பிடி என்றெல்லாம் சொற்கள் கேட்கும். என்னிடம் கற்றுக்கொள்ளாத சொற்கள். அவள் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று என் மனைவியும் நானும் வருடக்கணக்காக வருந்தியிருக்கிறோம். இப்போது அவள் போய்ச் சேர்ந்திருக்கும் இடம் வீரகேரளம்புதூர்.

என் அழைப்பை இசக்கி எடுப்பதில்லை. நாங்கள் ஊரிலிருந்து கிளம்பிய அன்றைக்கு ரயிலடிக்கு வரவில்லை. இத்தனை வருடத்தில் அது முதல் முறை. பொங்கலுக்குச் செய்தி அனுப்பினேன், பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தொன்பது வருடமாக அவன் எனக்குக் கொடுத்துவைத்திருந்த நட்பில் எவ்வளவு அவனுடைய பொறுமை, எவ்வளவு உண்மையான அன்பு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போயிற்று.

போன வாரம் மருத்துவமனைக் கூரையில் ஒரு காற்றாடி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. இசக்கி. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். நலம் விசாரிக்கவில்லை, பழையதையும் பேசவில்லை. லாட்ஜில் சாரல் ஆரம்பித்துக் கூட்டம் வந்துவிட்டது என்றான். மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்றான். நான் அப்பாவைக் கேட்டேன்.

"எங்கூடதான் சாப்பிடுதாரு" என்றான். "பேசுதாரு பேசுதாரு, வாய் ஓயல. எல்லாத்தையும் ஒண்ணாப் பேசி முடிக்கணும்னு நெனைக்காரு போல. லாட்ஜுக்குப் போக விடமாட்டேங்காரு."

என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா என்றேன்.

"இல்லலே" என்றான். பொய் சொல்லாமல் சொன்னான்.

பிறகு அங்கே மழை பெய்யும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"எப்ப வாறே?" என்று கேட்டான்.